"ஆசியர்" என்று குறிக்கலாமா? அமெரிக்கக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

பல கல்லூரிகளுக்கு ஒரே இடத்திலிருந்து விண்ணப்பிக்க உதவும் காமன் ஆப் பக்கம் ஆகஸ்டு முதல் தேதி திறந்ததும் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் பாடம் சொல்லித் தருபவள் நான். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் பலருக்கு என் எண் தெரியும். பேச்சு எங்கே தொடங்கினாலும் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: "இனம் கேட்கிற இடத்தில் ஆசியர் என்று குறிக்கலாமா அக்கா? குறித்தால் தள்ளிவிடுவார்களாமே?"

இந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. அதன் பின்னால் ஒரு பெரிய வழக்கும் நூறாண்டுக் கதையும் இருக்கின்றன. ஆனால் பயத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பம் எழுத உட்காரும் குடும்பங்கள், பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் அழித்துவிட்டு, யாருடையது என்றே தெரியாத ஒரு தாளை அனுப்பிவைக்கிறார்கள். அதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்துதான் இதை எழுதுகிறேன். அண்மையில் அமெரிக்கா வந்தவர்களையும், ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகளை வைத்திருப்பவர்களையும் மனத்தில் கொண்டு எழுதுகிறேன். இந்த நாட்டின் பெரும்பாலான கல்லூரிகள் விண்ணப்பிப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இடம் தருகின்றன. அங்கே இந்தக் கவலைக்கே வேலையில்லை. நூற்றில் பத்துப் பேருக்கும் குறைவாக எடுக்கும் சில கல்லூரிகளைப் பற்றியதே இந்தப் பேச்சு.

முதல் வேலை: ஊர்க் கணக்கை ஒதுக்கி வையுங்கள்

தமிழ்நாட்டில் படித்தவர்களுக்குச் சேர்க்கை என்றால் கட்ஆஃப். மதிப்பெண்ணைக் கூட்டி, தரவரிசைப் பட்டியலில் எண்ணைப் பார்த்து, கவுன்சலிங்கில் கல்லூரியைத் தேர்ந்தால் முடிந்தது. 69 சதவீத இடஒதுக்கீட்டில் எந்தப் பிரிவுக்கு எத்தனை இடம் என்பதும் முன்பே தெரிந்திருக்கும். இங்குள்ள போட்டி மிகுந்த கல்லூரிகளில் கட்ஆஃபும் இல்லை, பட்டியலும் இல்லை, ஒதுக்கிய இடமும் இல்லை. இனத்துக்கு இத்தனை இடம் என்று எண்ணி ஒதுக்குவதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1978ஆம் ஆண்டு பாக்கி வழக்கிலேயே தடை செய்துவிட்டது. அதற்குப் பிறகு 2023 வரை அனுமதிக்கப்பட்டிருந்தது, ஒரு மாணவரை எடைபோடும்போது பல அம்சங்களில் ஒன்றாக இனத்தையும் பார்க்கலாம் என்பது மட்டுமே. ஆகவே, "கறுப்பினப் பிள்ளைகளுக்கு இத்தனை சீட்டு ஒதுக்கியதில் நம் பிள்ளையின் சீட்டு போயிற்று" என்று யாராவது சொன்னால், அவர் ஊர்க் கணக்கை இங்கே போடுகிறார். அந்தப் பேச்சை வீட்டுக்குள் விடாதீர்கள். உங்கள் பிள்ளை நாளைக்கு அந்தப் பிள்ளைகளுடன்தான் ஒரே அறையில் தங்கிப் படிக்கப் போகிறது.

இரண்டாவது: வழக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

எட்வர்ட் பிளம் என்பவர் நிறுவிய 'ஸ்டூடண்ட்ஸ் ஃபார் ஃபேர் அட்மிஷன்ஸ்' என்ற அமைப்பு, சேர்க்கையில் இனத்தைப் பார்த்துப் பாகுபாடு காட்டுவதாக ஹார்வர்டு மீதும் நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தின் மீதும் 2014 நவம்பரில் வழக்குத் தொடுத்தது. ஹார்வர்டு வழக்கு 2018 அக்டோபரில் பாஸ்டனில் விசாரணைக்கு வந்தது. அதுவரை மூடிய கதவுக்குப் பின்னால் நடந்ததெல்லாம் அப்போது வெளிச்சத்துக்கு வந்தது.

ஒவ்வொரு மாணவருக்கும் படிப்பு, பாடத்துக்கு வெளியே உள்ள ஈடுபாடு, விளையாட்டு, தனிப்பண்பு என்ற நான்கில் 1 முதல் 6 வரை எண் போடுகிறார்கள். 1 உச்சம். ஆசிய அமெரிக்கப் பிள்ளைகள் படிப்பில் மற்ற எல்லாரையும் விட முன்னே நின்றார்கள், ஈடுபாட்டிலும் குறை இல்லை. தனிப்பண்பில் மட்டும் அவர்களுக்குக் கிடைத்த எண் குறைவாக இருந்தது. தனிப்பண்பு என்றால் துணிவு, கனிவு, தலைமை, மற்றவர்களோடு பழகும் விதம். இந்த எண்ணைப் போட்டவர்களில் பெரும்பாலோர் அந்தப் பிள்ளைகளின் முகத்தைக்கூடப் பார்த்திராத அலுவலர்கள். நேரில் உட்கார்ந்து நேர்காணல் நடத்திய ஹார்வர்டின் பழைய மாணவர்களோ, வெள்ளையினப் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ இணையாகவே இவர்களுக்கும் எண் போட்டிருந்தார்கள். எனக்கு இந்த வழக்கில் மிகவும் வலித்த இடம் இதுதான்.

இன்னும் இரண்டு எண்களைச் சேர்த்தே நினைவில் வையுங்கள். ஹார்வர்டுக்கு விண்ணப்பித்தவர்களில், படிப்பில் முதல் பத்து சதவீதத்தில் இருந்தவர்களுள் ஆசிய அமெரிக்கர்களில் 12.7 சதவீதம் பேருக்கும், வெள்ளையர்களில் 15.3 சதவீதம் பேருக்கும், கறுப்பினத்தவர்களில் 56.1 சதவீதம் பேருக்கும் இடம் கிடைத்தது. வாட்ஸ்அப்பில் சுற்றுவது இதுதான். சுற்றாதது இன்னொன்று: இடம் பெற்ற வெள்ளையின மாணவர்களில் 43 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் விளையாட்டுக்காக எடுக்கப்பட்டவர்கள், அங்கேயே படித்தவர்களின் பிள்ளைகள், நன்கொடையாளர் வட்டத்தைச் சேர்ந்தவர்கள், பேராசிரியர்களின் பிள்ளைகள் ஆகிய பிரிவுகளில் வந்தவர்கள். ஆசிய அமெரிக்கர்களில் இந்தப் பங்கு 16 சதவீதத்துக்கும் குறைவு. இந்தப் பெரிய வாசலைப் பற்றி நம்மவர்கள் கோபப்பட்டு நான் கேட்டதே இல்லை.

மாவட்ட நீதிபதி அலிசன் பரோஸ் 2019இல் ஹார்வர்டு வேண்டுமென்றே பாகுபாடு காட்டவில்லை என்று தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2020இல் அதையே உறுதிசெய்தது. 2023 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகளையும் மாற்றி, சேர்க்கையில் இனத்தை ஓர் அம்சமாகப் பார்ப்பது சட்டத்துக்கு முரண் என்றது. தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதிய அந்தத் தீர்ப்பில் ஒரு வாசலும் திறந்திருக்கிறது. இனம் தன் வாழ்க்கையை எப்படித் தொட்டது என்று ஒரு மாணவர் எழுதினால், அந்த அனுபவம் அவருடைய துணிவையோ உறுதியையோ காட்டும் அளவில் கல்லூரி அதைக் கணக்கில் கொள்ளலாம். மாணவரை ஒரு தனி மனிதராகப் பார்க்க வேண்டுமே தவிர ஓர் இனத்தின் பிரதிநிதியாகப் பார்க்கக் கூடாது என்பதே அதன் சாரம்.

அதற்கு அடுத்த ஆண்டு நடந்ததைப் பாருங்கள். 2024 இலையுதிர் பருவத்தில் எம்ஐடியில் சேர்ந்தவர்களில் ஆசிய அமெரிக்கர்களின் பங்கு 40 சதவீதத்திலிருந்து 47 ஆக உயர்ந்தது. யேலில் 30இலிருந்து 24 ஆக இறங்கியது. ஹார்வர்டில் 37 அப்படியே இருந்தது. தீர்ப்பு வந்ததால் கதவு அகலத் திறந்துவிடும் என்று எண்ணியவர்கள் ஏமாந்தார்கள். இனிமேல் ஒன்றும் நடக்காது என்று சொன்னவர்களும் தவறினார்கள்.

தனிப்பண்பை வைத்து அளப்பதும் புதிதல்ல. 1920களில் ஹார்வர்டின் தலைவராக இருந்த லாரன்ஸ் லோவல், யூத மாணவர்கள் பெருகுகிறார்கள் என்று கவலைப்பட்டு அவர்களுக்கு வரம்பு கட்ட முயன்றார். நேரடியாக வரம்பு வைக்க முடியாதபோது, மதிப்பெண்ணோடு 'குணநலன்' என்ற அளவுகோலும் சேர்க்கைக்குள் வந்தது. எண்ணால் அளக்க முடியாத ஒன்றை எண்ணாக்கும் இடத்தில் யாருடைய மனச்சாய்வும் நுழையலாம். அதனால்தான் அடுத்து வரும் படிகளில் அந்தத் தனிப்பண்பு என்ற இடத்துக்கே நான் அதிக நேரம் செலவிடுகிறேன்.

மூன்றாவது: உங்கள் பிள்ளை எந்த வரிசையில் நிற்கிறது?

இதைக் கேட்காமலேயே பலர் கவலைப்படத் தொடங்கிவிடுகிறார்கள். குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள பிள்ளைகள் மட்டுமே அரசுப் புள்ளிவிவரத்தில் 'ஆசியர்' என்ற வரிசையில் வருவார்கள். சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ விண்ணப்பிக்கும் மாணவர் 'அயல்நாட்டவர்' வரிசை. எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்கான விசா) இருக்கும் பிள்ளை இங்கேயே ஏழெட்டு ஆண்டுகள் படித்திருந்தாலும் அதே அயல்நாட்டவர் வரிசைதான்.

எச்-4 குடும்பங்களுக்கு இனத்தை விடப் பெரிய கேள்வி பணம். கூட்டாட்சி அரசின் கல்வி உதவி அவர்களுக்குக் கிடையாது. தனியார் கல்லூரிகள் பலவும் உதவித்தொகைக்கு அவர்களை அயல்நாட்டவராகவே நடத்துகின்றன. பணம் கட்ட முடியுமா என்று பார்க்காமலே அயல்நாட்டவரையும் தேர்வு செய்து, தேவையான முழு உதவியும் தருகிற கல்லூரிகள் மிகச் சில: ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத், போடின் ஆகியவை அவற்றுள் அடங்கும். மாநிலப் பல்கலைக்கழகத்தில் உள்ளூர்க் கட்டணம் எச்-4 பிள்ளைக்குக் கிடைக்குமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பதினோராம் வகுப்பிலேயே அந்தப் பல்கலைக்கழக அலுவலகத்தைக் கேட்டு எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள். 21 வயதில் எச்-4 முடிந்துவிடும் என்பதையும் மறக்காதீர்கள்.

நான்காவது: அந்தப் பெட்டி

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். காமன் ஆப்பில் இனம் பற்றிய கேள்வி இன்னும் இருக்கிறது. பதில் சொல்வது கட்டாயமில்லை. 2023 தீர்ப்புக்குப் பிறகு, விண்ணப்பத்தைப் படிப்பவர்களின் கண்ணில் அந்தப் பதில் படாதபடி கல்லூரிகள் மறைத்துக்கொள்ளலாம். அந்தப் பதிலை முடிவுக்குப் பயன்படுத்துவதைச் சட்டம் தடுக்கிறது.

என் பதில்: உண்மையைக் குறியுங்கள், அல்லது மனம் ஒப்பாவிட்டால் விட்டுவிடுங்கள். பொய் மட்டும் குறிக்க வேண்டாம். வெற்றாக விடுவதால் பெரிய லாபம் எதுவும் இல்லை. பிள்ளையின் பெயர், தெரிந்த மொழிகள், பெற்றோர் படித்த கல்லூரி எல்லாம் அதே விண்ணப்பத்தில் எழுதியிருக்கும். மதுரைக் கல்லூரியின் பெயரை எழுதிவிட்டு இனத்தை மறைத்து என்ன ஆகப் போகிறது?

பெயர் என்றதும் ஒரு சிறு எச்சரிக்கை. நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல் விரிந்து தந்தை பெயர் கடைசிப் பெயராகிறது. கடவுச்சீட்டில் ஒரு விதம், பள்ளிப் பதிவேட்டில் ஒரு விதம், எஸ்ஏடி நுழைவுத் தேர்வில் இன்னொரு விதம் என்று இருந்தால் மதிப்பெண்கள் வந்து சேராமல் தவிக்க நேரும். பத்தாம் வகுப்பிலேயே மூன்றையும் ஒன்றாக்கிவிடுங்கள்.

ஐந்தாவது: ஆசிரியர் கடிதம்

பலரும் அலட்சியமாக விடுவது இதைத்தான். தனிப்பண்பு எண்ணில் இருந்த வேறுபாட்டுக்கு ஆசிரியர்களும் பள்ளி ஆலோசகர்களும் எழுதிய பரிந்துரைக் கடிதங்கள் ஒரு பகுதிக் காரணமாக இருக்கலாம் என்று நீதிபதி பரோஸ் தம் தீர்ப்பிலேயே குறிப்பிட்டிருக்கிறார். சாய்வு கல்லூரி அலுவலகத்தில் மட்டும் பிறப்பதில்லை. "அமைதியானவர், கடின உழைப்பாளி, கணக்கில் கெட்டிக்காரர்" என்று நல்ல மனத்தோடு எழுதப்படும் கடிதம்கூட, நூறு ஆசியப் பிள்ளைகளுக்கு ஒரே மாதிரி எழுதப்பட்டால் நூறு பேரையும் ஒரே முகமாக்கிவிடுகிறது.

ஆகவே ஆசிரியருக்குத் தெரிய வைக்க வேண்டும். பதினோராம் வகுப்பு முடியும் முன்பே, பிள்ளையை நன்றாக அறிந்த இரண்டு ஆசிரியர்களிடம் நேரில் போய்க் கேட்கச் சொல்லுங்கள். அதிக மதிப்பெண் போட்டவரை விட, பிள்ளை தடுமாறி எழுந்ததைப் பார்த்தவர் நல்லவர். கேட்கும்போது ஒரு பக்கக் குறிப்பும் கொடுக்கட்டும். அதில் பரிசுப் பட்டியல் வேண்டாம். அந்த வகுப்பில் நடந்த இரண்டு மூன்று நிகழ்ச்சிகள் போதும்: சோதனைச்சாலையில் தோற்ற பரிசோதனையை மறுநாள் திரும்பச் செய்தது, புதிதாக வந்த மாணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது, விவாதத்தில் தன் கருத்தை மாற்றிக்கொண்டது. நம் வீடுகளில் ஆசிரியரிடம் போய்த் தன்னைப் பற்றிப் பேசுவது அடக்கக் குறைவு என்று சொல்லி வளர்க்கிறோம். எனக்கும் அந்த வளர்ப்பு பிடிக்கும். ஆனாலும் இந்த ஓர் இடத்தில் பிள்ளை வாய் திறக்க வேண்டும்.

நேர்காணலுக்குப் பழைய மாணவர் யாராவது அழைத்தால் தவறாமல் போகச் சொல்லுங்கள். நேரில் பார்த்தவர்கள் நியாயமாக எண் போட்டார்கள் என்று மேலே சொன்னேன் அல்லவா?

ஆறாவது: பட்டியலும் கட்டுரையும்

என் மகள் விண்ணப்பித்த ஆண்டில் நாங்கள் பணம் கொடுத்து அமர்த்திய ஆலோசகர் ஒருவர், பரதநாட்டியத்தையும் தமிழ்ப் பள்ளியில் உதவியாசிரியராக இருந்ததையும் எடுத்துவிடச் சொன்னார். "மிகவும் இந்தியத்தனமாகத் தெரிகிறது" என்பது அவர் சொன்ன காரணம். நாங்களும் பயந்து எடுத்துவிட்டோம். ஐந்து ஆண்டுகள் சனிக்கிழமைதோறும் குழந்தைகளின் கையைப் பிடித்து அகரம் எழுதப் பழக்கியவள், அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத விண்ணப்பத்தை அனுப்பினாள். இன்றும் அதை நினைத்தால் என் மனம் ஆறுவதில்லை. அவளுடைய மிகச் சிறந்த உழைப்பை ஒளிக்க வேண்டிய ஒன்றாக நான் அவளுக்குக் காட்டிவிட்டேன்.

காமன் ஆப்பில் பத்து ஈடுபாடுகளை எழுதலாம், ஒவ்வொன்றுக்கும் 150 எழுத்துகளே இடம். வயலினும் செஸ்ஸும் மிருதங்கமும் அங்கே இருந்தால் இருக்கட்டும். கேள்வி என்னவென்றால், அதை வைத்துப் பிள்ளை என்ன செய்தது என்பது. "மிருதங்கம், 9 ஆண்டுகள்" என்பதை விட "முதியோர் இல்லத்தில் மாதந்தோறும் வாசிப்பு, இரண்டு புதியவர்களுக்குப் பயிற்சி" என்பது ஒரு மனிதரைக் காட்டும். தம்பியைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்து சோறு போட்டுப் பார்த்துக்கொள்வதும், அப்பாவின் கடையில் மாலையில் நிற்பதும் இங்கே எழுதத் தக்கவை. நம்மவர்கள் அதைக் கௌரவக் குறைவு என்று விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள்.

முதன்மைக் கட்டுரைக்கு 650 சொற்கள் வரம்பு. தீர்ப்புக்குப் பிறகு பல கல்லூரிகள் வாழ்க்கை அனுபவம் பற்றித் தனிக் கேள்வியும் சேர்த்திருக்கின்றன. இனத்தைப் பற்றி எழுதியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, எழுதக் கூடாது என்ற தடையும் இல்லை. எழுதினால், பட்ட காயத்தோடு நிறுத்தாமல் பிள்ளை செய்த செயல் வரை கொண்டுபோக வேண்டும். நான் படித்ததில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு நீச்சல் வீரனின் கட்டுரை. போட்டிகளில் அறிவிப்பாளர் அவனைக் கடைசிப் பெயரால், அதாவது அவன் அப்பா பெயரால், அதுவும் சிதைத்துக் கூப்பிடுவார். முதலில் கூனிக் குறுகியவன், பிறகு தன் அணியிலும் எதிரணியிலும் உள்ள எல்லாப் பெயர்களையும் எப்படி ஒலிப்பது என்று ஒரு அட்டையில் எழுதி, ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் அறிவிப்பாளர் கையில் கொடுக்கத் தொடங்கினான். போலந்துப் பெயரும் நைஜீரியப் பெயரும் அதில் இருந்தன. இனம் அங்கே இருக்கிறது, பாகுபாடும் இருக்கிறது, ஆனால் நம் கண்ணில் நிற்பது அந்தப் பையன். தீர்ப்பு திறந்துவைத்த வாசல் இதுதான்.

பெற்றோர் கட்டுரையைத் தொடாதீர்கள். படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதில் உன் பெயரை எடுத்துவிட்டு உன் நண்பன் பெயரைப் போட்டால் பொருந்துமா?" பொருந்தும் என்றால் திரும்ப எழுதட்டும்.

ஏழாவது: தேர்வும் கல்லூரிப் பட்டியலும்

எம்ஐடி 2022இலும், யேல், டார்ட்மத், பிரவுன், ஹார்வர்டு, கால்டெக் ஆகியவை 2024இலும் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணைத் திரும்பக் கட்டாயமாக்க முடிவு செய்தன. யூசி எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் அதைப் பார்ப்பதே இல்லை. 1996இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 209ஆம் முன்மொழிவின்படி அங்கே இனத்தையும் நெடுங்காலமாகப் பார்ப்பதில்லை. நான்கு கேள்விகளுக்கு 350 சொற்களுக்குள் பதில் எழுத வேண்டும். பொதுவாகப் பரிந்துரைக் கடிதமும் கேட்பதில்லை.

பட்டியல் போடும்போது, பழைய மாணவர் பிள்ளைகளுக்கு முன்னுரிமை தருகிற கல்லூரியா என்று பாருங்கள். எம்ஐடி, கால்டெக், ஜான்ஸ் ஹாப்கின்ஸ், ஆம்ஹர்ஸ்ட் தருவதில்லை. கலிஃபோர்னியாவின் தனியார் கல்லூரிகளிலும் அதைத் தடுக்கும் சட்டம் 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. புதிதாகக் குடியேறிய குடும்பத்துக்கு இது முக்கியமான செய்தி. பெற்றோர் இருவருக்கும் நான்காண்டுப் பட்டம் இல்லை என்றால் அதை வெட்கப்படாமல் விண்ணப்பத்தில் பதியுங்கள். குடும்பத்தின் முதல் பட்டதாரி என்பதைக் கல்லூரிகள் மதிக்கின்றன.

நவம்பர் தொடக்கத்தில் அனுப்பும் 'ஏர்லி டிசிஷன்' கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். இடம் கிடைத்தால் போயாக வேண்டும். மற்றக் கல்லூரிகளின் உதவித்தொகையை ஒப்பிட்டுப் பார்க்க வழியிருக்காது. கடன் வாங்கித்தான் படிக்க வைக்க முடியும் என்ற குடும்பங்கள் கல்லூரியின் கட்டணக் கணிப்பானில் எண்களைப் போட்டுப் பார்க்காமல் கையெழுத்திட வேண்டாம்.

கடைசியாக: முடிவு வந்த பிறகு

மார்ச் மாதக் கடைசியில் மறுப்புக் கடிதங்கள் வரும். அன்றிரவு பிள்ளையிடம் "ஆசியர் என்பதால் தள்ளிவிட்டார்கள்" என்று சொல்லாதீர்கள். உங்களுக்கு அது தெரியாது. அதே பள்ளியில் இடம் பெற்ற வேறொரு பிள்ளையின் இனத்தைச் சொல்லிப் பேசாதீர்கள். பாகுபாடு நடந்ததற்கு உண்மையான சான்று, அதாவது எழுத்தில் வந்த ஒரு சொல்லோ நேர்காணலில் கேட்ட ஒரு கேள்வியோ இருந்தால், நாள், நேரத்தோடு எழுதி வைத்து, 180 நாட்களுக்குள் கூட்டாட்சிக் கல்வித் துறையின் சிவில் உரிமை அலுவலகத்தில் முறையிடலாம். இடம் தந்த கல்லூரிக்கு, சேர்வதற்கான பதிலை வழக்கமாக மே 1க்குள் தர வேண்டும்.

பலருக்குத் தெரியாத ஓர் உரிமையும் உண்டு. கல்லூரியில் சேர்ந்துவிட்ட மாணவர், தன் கல்விப் பதிவுகளைப் பார்க்க வேண்டும் என்று எழுத்தில் கேட்கலாம். 45 நாட்களுக்குள் கல்லூரி காட்ட வேண்டும். சேர்க்கைக் கோப்பும் அதில் வரும். சில கல்லூரிகள் விண்ணப்பத்தைப் படித்த அலுவலர்களின் குறிப்புகளை அழித்துவிடுகின்றன, சில வைத்திருக்கின்றன. பரிந்துரைக் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுத்திருந்தால் அது மட்டும் கிடைக்காது. கோரிக்கைக் கடிதம் பதிவாளர் அலுவலகத்துக்கு, மாணவரின் கையெழுத்தோடு போக வேண்டும். பெற்றோர் கேட்டால் தரமாட்டார்கள்.